ஏழாம் சந்து, பதினொன்றாம் தட்டு

இரவு இரண்டே காலுக்குக் கிரேன் நின்றது.
திரையில் சிவப்பு எழுத்து:
காலி இடத்தில் ஏதோ இருக்கிறது.

நாலாயிரத்து நானூறு அறைகள்.
எதில் பன்னீர் சோடா, எதில் திராட்சை,
எது பொங்கலுக்கு, எது தள்ளுபடிக்கு
எல்லாம் அதற்குத் தெரியும்.
எனக்குத் தெரிந்தது கடவுச்சொல் மட்டும்.

முதலில் வந்தது முதலில் போக வேண்டும்,
அதற்குச் சொல்லிக்கொடுத்த நியாயம் அது ஒன்றுதான்.
ரேஷன் வரிசையில்கூட நான் பார்க்காத நியாயம்
இங்கே கும்மிருட்டில் பிசகாமல் நடக்கிறது.
கிரேனுக்கு எதற்கு வெளிச்சம் என்று
உள்ளே விளக்கே போடவில்லை.

உத்திராபதி அண்ணனுக்குப் போன் செய்தேன்.
முன்பு ஃபோர்க்லிஃப்ட், இப்போது பராமரிப்பு.
"ஆளு யாரும் இல்லியே?" என்றார் தூக்கக் குரலில்.
இருபத்திரண்டு மீட்டர் உயரத்தில் யார் இருப்பார்கள்?
அவர் கேட்ட பிறகு எனக்கும் வயிறு கலங்கியது.

மின்சாரத்தைப் பூட்டி, சாவியை என் பையில் போட்டு,
இடுப்பில் வார் மாட்டி ஏறினோம்.
ஒவ்வொரு தட்டிலும் அட்டைப்பெட்டி வாசனை,
ஆறாவது தட்டில் எங்கோ ஒழுகிய சீனிப்பாகு,
அதைத் தேடி அவ்வளவு தூரம் ஏறி வந்த
எறும்புகள்.

பதினொன்றில் ஒரு பேலட் இருந்தது.
லேபிள் இல்லை. பார்கோடு இல்லை. தேதி இல்லை.
மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்,
தொள்ளாயிரத்து அறுபது பாட்டில்.

"புனே பசங்க வேலை" என்றார் அண்ணன்.
போன மாசியில் பாரம் தாங்குமா என்று பார்க்க
நம் போர் தண்ணீரையே பிடித்து ஏற்றினார்கள்.
இறக்குவதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.
பத்து மாதம்.
உச்சித் தட்டுவரை இடம் தேடும் நெருக்கடி
இந்தப் பொங்கலுக்குத்தான் வந்திருக்கிறது.

காலையில் மேனேஜர் பெலிக்ஸ் சொன்னார்:
கணக்கில் இல்லாததைக் கழிக்க முடியாது.
கழிக்க வேண்டுமென்றால் முதலில் சேர்க்க வேண்டும்.
சேர்க்கத் தேதி வேண்டும்.

இன்றைய தேதியை அடித்தேன்.
கிடங்கிலேயே மூத்த பேலட்
கடைக்குட்டியாகி வரிசையின் வாலில் போய் நின்றது.
அழித்தேன்.
பிப்ரவரி இருபது என்று அடித்தேன்.

நாலே நிமிடம்.
மொத்தப் பொங்கல் ஆர்டரையும் ஒதுக்கிவிட்டு
கிரேன் அதைத் தாங்கி வந்து
லாரி வாசலில் இறக்கிவைத்தது,
அத்தனை பதமாக.
நல்லவேளை, மன்னார்குடி லாரி
நீடாமங்கலம் கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தது.
இல்லையென்றால் ஏதோ ஒரு கடையில்
நிறமில்லாத திராட்சை ரசம் விற்றிருக்கும்.

பின்சுவரை ஒட்டி வாய்க்கால்.
தாளடிக்குக் கடைசி நனைப்பு வேண்டிய நாள்,
முறைத் தண்ணீர் கடைமடைக்கு இன்னும் வரவில்லை,
வாய்க்கால் தரையில் ஆட்டுப் புழுக்கை காய்ந்து கிடந்தது.
நானும் அண்ணனும் ஒப்பந்தப் பெண்கள் மூவரும்
ஒவ்வொரு மூடியாகத் திருகித் திருகி ஊற்றினோம்.
ஐநூற்று எழுபத்தாறு லிட்டர்.
உள்ளங்கை தோல் உரிந்தது.
நனைந்தது நாலு பாய் அகலம்,
அதுவும் பாதி வெடிப்புக்குள் போனது.

சைக்கிளில் போன ஒருவர்
ஈரத்தைப் பார்த்துக் காலூன்றி நின்றார்.
"முறை வந்துடுச்சா?"

யாரும் வாய் திறக்கவில்லை.
கடைசியில் நான்தான் சொன்னேன்:
"இல்லங்க. இது சோடா கம்பெனித் தண்ணி."

அவர் மேட்டுப்பக்கம் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
மிதித்துப் போனார்.

திரும்பி வந்து திரையைப் பார்த்தேன்.
ஏழாம் சந்து, பதினொன்றாம் தட்டு:
நிரம்பியது.
நாங்கள் கடைசிப் பாட்டிலைக் கவிழ்ப்பதற்குள்
அங்கே திராட்சை ஏறி உட்கார்ந்துவிட்டது,
தேதியோடு.